110 நிமிடங்களில் பாதியாகிவிடும் மருந்து... புற்றுநோய் ஸ்கேனுக்குப் பின்னால் இருக்கும் 'கண்ணுக்குத் தெரியாத' ஆட்கள்!

காலை 6 மணிக்கு 100 ரூபாயோடு வீட்டிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழியில் டீகூடக் குடிக்கவில்லை. யாரும் பிக்பாக்கெட் அடிக்கவில்லை. 7.50-க்கு பர்ஸைத் திறந்தால் 50 ரூபாய்தான் இருக்கிறது. 9.40-க்குப் பார்த்தால் 25. பதினொன்றரை மணிக்குப் பன்னிரண்டரை ரூபாய். இப்படிக் கரைந்துகொண்டே இருக்கும் காசை வைத்து ஒரு வீட்டுக்கு மளிகைச் சாமான் வாங்க வேண்டும் என்றால் எவ்வளவு கணக்குப் போட வேண்டியிருக்கும்?

புற்றுநோயாளிகளுக்கு எடுக்கப்படும் 'பெட் சிடி' ஸ்கேனில் தினமும் இந்தக் கணக்குதான் நடக்கிறது. அந்த ஸ்கேனுக்கு முன்பு நரம்பில் போடப்படும் எஃப்.டி.ஜி என்ற மருந்தில் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நிற்காது, காரீயப் பெட்டியில் பூட்டினாலும் நிற்காது. நேற்று மிச்சமானதை இன்று பயன்படுத்த முடியாது.

பல கோடி ரூபாய் கொடுத்தால் ஸ்கேன் மெஷின் கப்பலில் வந்து இறங்கிவிடும். இந்த மருந்தைத் தயாரிக்க, சோதிக்க, சரியான நேரத்தில் சரியான அளவு ஊசியில் ஏற்ற, வந்த படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அப்படி வந்து இறங்க மாட்டார்கள். பல வருஷம் உட்கார்ந்து உருவாக்க வேண்டும். அணு மருத்துவம் என்கிற துறையின் பெரிய தலைவலியே இதுதான்.

'கரண்ட் வைக்கிறது' இது இல்லை!

நம் ஊரில் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையை 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அதில் கதிர் வெளியே இருக்கும் மெஷினிலிருந்து உடம்புக்குள் போகும். எக்ஸ்-ரேயும் அப்படித்தான். அணு மருத்துவம் இதற்குத் தலைகீழ். மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்து ஊசியாகவோ மாத்திரையாகவோ உடலுக்குள் போகிறது. அது எந்த உறுப்பில், எந்தக் கட்டியில் போய் உட்கார்கிறதோ, அங்கிருந்து கதிர் வெளியே வருகிறது. வெளியே இருக்கும் கேமரா அதைப் பிடிக்கிறது.

எஃப்.டி.ஜி என்பது கிட்டத்தட்ட சர்க்கரை. பெரும்பாலான புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அகோரப் பசியோடு சாப்பிடும். அந்தச் சர்க்கரையில் கதிரியக்க ஒட்டு ஒன்றைப் போட்டு அனுப்பினால், கட்டி தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். எலும்புக்குப் பரவியிருக்கிறதா, கீமோ வேலை செய்கிறதா, ஆபரேஷன் செய்வதில் பயன் உண்டா என்ற கேள்விகளுக்கு டாக்டர்கள் பதில் தேடுவது இந்தப் படத்தில்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கொடுத்த கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். எல்லோருக்கும் பெட் ஸ்கேன் தேவைப்படாது. ஆனால், தேவைப்படும் ஒருவருக்கு அது இரண்டு வாரம் தள்ளிப்போனால், சிகிச்சை முடிவும் இரண்டு வாரம் தள்ளிப்போகும்.

ஒரு ஸ்கேனுக்கு எத்தனை பேர்?

நோயாளிக்குத் தெரிவது பெரும்பாலும் ஊசி போடுபவரும், மெஷினில் படுக்கவைப்பவரும்தான். ஆனால் வேலை ஆரம்பிப்பது நள்ளிரவிலோ விடியற்காலையிலோ, சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இருக்கும் இடத்தில். அங்கே ஒரு இன்ஜினீயர் அதை ஓட்ட, கதிரியக்க வேதியியல் தெரிந்தவர் ஃப்ளூரினைச் சர்க்கரையோடு சேர்க்கிறார். இன்னொருவர் தரம் பார்க்கிறார். அது நரம்பில் போகிற மருந்து. கிருமி இருக்கக் கூடாது, வேறு ரசாயனம் மிஞ்சியிருக்கக் கூடாது. இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-ல் மும்பை பரேலில் நிறுவப்பட்டது. இன்று பல பெருநகரங்களில் இருக்கிறது. சைக்ளோட்ரான் இல்லாத ஊருக்கு மருந்து காரிலோ விமானத்திலோ வர வேண்டும். டிராஃபிக் ஜாமில் கார் நின்றாலும் கதிரியக்கம் கரைந்துகொண்டுதான் இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அது போவது 'ஹாட் லேப்' என்ற அறைக்கு. டெக்னாலஜிஸ்ட் காரீயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, டோஸ் காலிபிரேட்டரில் அளந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய அளவைச் சிரிஞ்சில் எடுக்கிறார். முதல் நோயாளிக்கு ஒரு சொட்டு போதும் என்றால், கடைசி நோயாளிக்கு அதே கதிரியக்கம் கிடைக்க அதைவிடப் பல மடங்கு கன அளவு எடுக்க வேண்டும். நடுவில் ஒருவர் தாமதமாக வந்தால் மொத்த வரிசையும் மறுபடி கணக்குப் போடப்படும்.

இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, மெஷினில் படம் எடுப்பதுதான் கஷ்டமான பகுதி என்று நினைத்திருந்தேன். ஸ்கேன் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்புதான்.

உதாரணத்துக்கு, சர்க்கரை நோயாளி ஒருவர் வழக்கம்போலக் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இன்சுலின் சர்க்கரையைத் தசைகளுக்குள் தள்ளும். கட்டிக்குப் போக வேண்டிய மருந்து உடம்பு முழுக்கத் தசைகளில் போய் உட்கார்ந்துவிடும். படத்தில் தொடையும் தோளும் பளபளக்க, கட்டி மங்கிவிடும். தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, இன்சுலின் எப்ப போட்டீங்க' என்று கேட்கும் அந்த ஐந்து நிமிட விசாரணை எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

ஊசி போட்ட பிறகு சுமார் ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் சூயிங்கம் மென்றால் தாடைத் தசை ஒளிரும். நிறையப் பேசினால் தொண்டைப் பகுதி ஒளிரும். தொண்டைப் புற்றுநோய் இருப்பவருக்கு இது எவ்வளவு குழப்பம் தரும்! ஏ.சி குளிரில் நடுங்கினால் கழுத்தைச் சுற்றியுள்ள பழுப்புக் கொழுப்பு மருந்தை இழுத்துக்கொள்ளும். அனுபவமுள்ள டெக்னாலஜிஸ்ட் போர்வை கொடுப்பதற்குக் காரணம் இது. ஊசி நரம்பை விட்டு விலகி மருந்து கையிலேயே தங்கிவிட்டால், அதையும் அவர் கவனித்துக் குறித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் படம் படிக்கும் டாக்டர் ஏமாந்துபோவார்.

தினமும் காலையில் பால் கறக்கும் 'மாடு'!

பெட் ஸ்கேனைவிடப் பழைய முறை காமா கேமரா. எலும்பு ஸ்கேன் போன்றவை இதில்தான் எடுக்கப்படுகின்றன. இதற்கு அதிகம் பயன்படும் டெக்னீசியம்-99எம் என்ற தனிமத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். இதைக் கடையில் வாங்கி வைக்க முடியாது. அதனால் ஆஸ்பத்திரிகள் அதன் 'தாயை' வாங்குகின்றன. மாலிப்டினம்-99 என்ற தாய்த் தனிமத்தின் அரை ஆயுள் சுமார் 66 மணி நேரம். ஒரு சின்ன வாளி அளவுக்குக் காரீயக் கவசம் போட்ட ஜெனரேட்டரில் அது வரும். காலையில் அதில் உப்புக் கரைசலை ஓடவிட்டால், சேர்ந்திருக்கும் டெக்னீசியம் கரைந்து வெளியே வரும். மறுநாள் காலைக்குள் மறுபடி சேர்ந்திருக்கும். உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'மாடு'. வேலைக்குப் பெயர் 'கறப்பது'.

கறந்த பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல, இங்கே மாலிப்டினம் கலந்து வந்துவிட்டதா என்று சோதிக்க வேண்டும். கலந்திருந்தால் நோயாளிக்குத் தேவையில்லாத கதிர் போகும். பிறகு அதை எலும்புக்குப் போகும் மருந்தோடு கலந்து, சரியாக ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒட்டாவிட்டால் மருந்து எலும்புக்குப் போகாமல் தைராய்டுக்கும் வயிற்றுக்கும் போகும். நோயாளி இரண்டு, மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக் காத்திருந்து எடுத்த ஸ்கேன் வீண்.

இந்தக் கலவை வேலைக்கென்றே படித்தவர் ரேடியோ ஃபார்மசிஸ்ட். வளர்ந்த நாடுகளில் இது தனித் தொழில். இங்கே பல இடங்களில் டெக்னாலஜிஸ்ட்டே இந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். டாக்டர் பற்றாக்குறையைப் பேசுகிற அளவுக்கு யாரும் இந்தப் பற்றாக்குறையைப் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

சிகிச்சை என்று வரும்போது...

ஸ்கேன் ஒரு பக்கம் என்றால், அதே முறையில் சிகிச்சையும் உண்டு. தைராய்டு சுரப்பி அயோடினை விரும்பி எடுத்துக்கொள்ளும். அதனால் கதிரியக்க அயோடின் கொடுத்தால் தைராய்டு செல்கள் அதை இழுத்து, தாங்களே அழியும். 1941-ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் முதன்முதலில் தைராய்டு நோயாளிக்கு இதைக் கொடுத்தார். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த பலருக்கு இன்றும் அயோடின்-131 கொடுக்கப்படுகிறது. மும்பை டிராம்பேயில் இருக்கும் துருவா உலையில் இது தயாராகி, மத்திய அரசின் 'பிரிட்' நிறுவனம் வழியாக ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறது.

அயோடின்-131-ன் அரை ஆயுள் 8 நாள். அதிக அளவு கொடுத்தால் நோயாளியைத் தனி வார்டில் வைக்க வேண்டும். அவர் பயன்படுத்தும் கழிவறைத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகக் கூடாது. தனித் தொட்டியில் தேங்கி, கதிரியக்கம் தணிந்த பிறகே வெளியேற்றப்படும். மாத்திரை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் நோயாளி வாந்தி எடுத்துவிட்டால் என்ன செய்வது? கழுவிவிட்டு வா என்று துப்புரவுப் பணியாளரை அனுப்பிவிட முடியாது. எங்கே நிற்க வேண்டும், எதைக்கொண்டு துடைக்க வேண்டும், துடைத்த துணியை எங்கே வைக்க வேண்டும், எந்தக் கருவியால் அளந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்த நர்ஸும் பாதுகாப்பு அதிகாரியும் அங்கே இருக்க வேண்டும். சிகிச்சைக்கு ஓரிரு வாரம் முன்பிருந்தே அயோடின் உப்பு, கடல் மீன், கருவாடு எல்லாம் கூடாது என்று குடும்பத்துக்குப் புரியும்படி சொல்வதும் வேலையில் அடக்கம். வீட்டுக்கு வந்த பிறகு கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது என்று ஓர் அம்மாவிடம் சொல்வதும்தான்.

அடுத்தது, கடந்த சில வருடங்களில் வேகமெடுத்திருக்கும் லூட்டீசியம்-177 சிகிச்சை. ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய் முற்றிப் பரவிய நிலையில், அந்த செல்களின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டி, அங்கேயே கதிரைப் பாய்ச்சும் மருந்து இது. 2021-ல் வெளியான விஷன் என்ற பெரிய ஆய்வில், இந்த மருந்து சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களின் சராசரி வாழ்நாள் சுமார் 15 மாதங்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு சுமார் 11 மாதங்கள். நான்கு மாதம்தானே என்று தோன்றலாம். பேத்தியின் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருக்கும் வீட்டில் அது வேறு கணக்கு.

இந்த மருந்து எல்லோருக்கும் வேலை செய்யாது. முதலில் அதே புரதத்தைத் தேடும் ஸ்கேன் எடுத்து, கட்டி அந்த மருந்தை எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, ரத்த அணுக்கள் தாங்குமா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பார்க்க வேண்டும். ஸ்கேன் மட்டும் எடுத்துப் பழகிய குழு ஒன்றை நாளையிலிருந்து சிகிச்சை கொடுக்கச் சொல்ல முடியாது. அது தனிப் பயிற்சி.

ஏன் ஆள் கிடைப்பதில்லை?

இந்தியாவில் இந்தத் துறைக்கு வயது குறைவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையம் 1963-லேயே மும்பை பரேலில் தொடங்கப்பட்டது. டெல்லியில் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் இன்மாஸ் நிறுவனமும் கிட்டத்தட்ட அதே வயதுடையது. நீண்ட காலத்துக்கு, படிக்க வேண்டுமென்றால் இவற்றையும் எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ போன்ற சில பெரிய நிறுவனங்களையும்தான் தேடிப்போக வேண்டும்.

சிக்கல் இங்கேதான். இந்தப் படிப்பை கிளாஸ் ரூமில் மட்டும் சொல்லித்தர முடியாது. மாணவர் கற்றுக்கொள்ள ஓடுகிற ஹாட் லேப் வேண்டும், நோயாளிகள் வேண்டும், கூட நின்று திருத்த ஆள் வேண்டும். ஒரு டிபார்ட்மென்ட் ஆரம்பித்தால்தான் ஆட்களை உருவாக்க முடியும். ஆள் இருந்தால்தான் டிபார்ட்மென்ட் ஆரம்பிக்க முடியும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, தகுதியுள்ள அணு மருத்துவ டாக்டர், டெக்னாலஜிஸ்ட், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி இல்லாத இடத்துக்கு உரிமம் கிடையாது. கதிரியக்க மருந்தையும் வாங்க முடியாது. விதியைத் தளர்த்தலாமே என்று கேட்கத் தோன்றும். கூடாது என்பதே என் கருத்து. மேலே சொன்ன வாந்தி உதாரணமே போதும்.

ஆக, கட்டடம் தயார், மெஷின் தயார் என்று ரிப்பன் வெட்டிய பிறகும் வேலை தொடங்காமல் இருக்க வாய்ப்பு உண்டு. தொடங்கினாலும், இருக்கிற ஒரே டெக்னாலஜிஸ்ட் லீவு போட்டால் அன்றைய ஸ்கேன்கள் தள்ளிப்போகும். பயிற்சி பெற்றவர்களைப் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளும் வெளிநாடுகளும் இழுத்துக்கொள்ளும்போது, மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு மருத்துவமனை எப்படிப் போட்டி போடும்? பதவி உயர்வுக்கு வழியில்லாத ஒப்பந்த வேலை என்றால், யாராக இருந்தாலும் இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

2021-ல் 'தி லான்செட் ஆன்காலஜி' இதழ் அமைத்த நிபுணர் குழு ஒரு கணக்குப் போட்டது. 11 வகைப் புற்றுநோய்களுக்கு உலகம் முழுக்க ஸ்கேன் வசதிகளை மட்டும் பெருக்கினால், 2020 முதல் 2030 வரை சுமார் 24.6 லட்சம் மரணங்களைத் தவிர்க்கலாம். ஸ்கேனோடு சிகிச்சையையும் அதன் தரத்தையும் சேர்த்து உயர்த்தினால் அந்த எண்ணிக்கை சுமார் 95.5 லட்சம். மெஷின் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் எனக்குக் கிடைக்கவில்லை. சர்வதேச அணுசக்தி முகமையும் 2022-ல் தொடங்கிய 'நம்பிக்கைக் கதிர்கள்' திட்டத்தில், கருவி கொடுப்பதோடு ஆட்களுக்குப் பயிற்சி தருவதையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

'பொண்ணு படிக்கலாமா, ஒண்ணும் ஆகாதே?'

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தத் துறையின் பெயரைச் சொன்னாலே முதலில் எழும் கேள்வி இது. 'அணு' என்ற வார்த்தையைக் கேட்டதும் ஹிரோஷிமா நினைவுக்கு வருவது இயல்புதான்.

இங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் சட்டையில் ஒரு பேட்ஜ் அணிந்திருப்பார்கள். வாங்கிய கதிர்வீச்சை அது பதிவு செய்யும். குறிப்பிட்ட இடைவெளியில் அது ஆய்வகத்துக்குப் போய், ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும். இந்திய விதிப்படி ஐந்து வருடத்துக்கு மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: மண், காற்று, ஆகாயம் என்று இயற்கையிலிருந்தே நாம் எல்லோரும் வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம். தோரியம் கலந்த மணல் இருக்கும் மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இன்னும் அதிகம். கர்ப்பமானதைத் தெரிவிக்கும் பெண் ஊழியருக்கு வேலை மாற்றித் தரப்பட வேண்டும். கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட்தான்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். குறைவான நேரம், அதிக தூரம், நடுவில் தடுப்பு... இந்த மூன்றும்தான் பாதுகாப்பு. இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் நான்கில் ஒரு பங்காகக் குறையும். பழகிய கை அரை நிமிடத்தில் முடிக்கும் சிரிஞ்ச் வேலைக்குப் பழகாத கை இரண்டு நிமிடம் எடுத்தால், வாங்கும் கதிர் நான்கு மடங்கு. சரியான பயிற்சி நோயாளியை மட்டுமல்ல, அந்தப் பிள்ளையையும் காப்பாற்றுகிறது.

ப்ளஸ் டூ-வில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு பி.எஸ்சி நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி படிப்பு இருக்கிறது. நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை இதை நடத்துகின்றன. அறிவியல் பட்டம் முடித்தவர்களுக்கு மும்பை மையத்தில் ஒரு வருட முதுநிலை டிப்ளமோ உண்டு. எம்.பி.பி.எஸ் முடித்தவர்களுக்கு எம்.டி, டி.என்.பி வழிகள். சேரும் முன் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். 2021-ல் வந்த துணை மருத்துவப் படிப்புகளுக்கான தேசிய ஆணையச் சட்டம், நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட்டைத் தனித் தொழிலாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பெற்றோர் ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். எக்ஸ்-ரே, சி.டி எடுக்கக் கற்றுத்தரும் ரேடியாலஜி படிப்பு வேறு, இது வேறு. அதைப் படித்துவிட்டு இதில் நேராகச் சேர்ந்துவிடலாம் என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சான்றிதழை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கிறதா? பயிற்சி தரும் ஆஸ்பத்திரியில் உரிமம் பெற்ற அணு மருத்துவப் பிரிவு ஓடிக்கொண்டிருக்கிறதா? மாணவர் எத்தனை மாதம் அந்த ஹாட் லேப்பில் நிற்பார்? மூன்றாவது கேள்விக்கு 'அதெல்லாம் கடைசி வருஷம் பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால், அடுத்த கல்லூரிக்கு வண்டியைத் திருப்பிவிடலாம்.